குடை என்று சொன்ன பிள்ளை

2022 ஜனவரி. நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் ஒரு சின்ன அறை. என் மகனுக்கு எதிரே உட்கார்ந்திருந்த பேச்சு மதிப்பீட்டாளர் ஒரு படப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகத் திருப்பினார். படத்தைப் பார்த்து அவன் பெயர் சொல்ல வேண்டும். நான் மூலையில் இருந்தேன். வாயைத் திறக்கக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஒரு குடையின் படம் வந்தது. முகக்கவசத்துக்குள்ளிருந்து "குடை" என்றான். அவர் சற்றுக் காத்திருந்தார். கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இன்னும் உரக்க, "குடை" என்றான். அவர் தாளில் ஏதோ குறித்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போனார். அடுத்தது சீப்பு. அதையும் தமிழில்தான் சொன்னான்.

அந்தத் தாளில் அன்று விழுந்த தவறுகளில் பாதிக்கு நான்தான் காரணம். பள்ளியில் சேர்க்கும்போது கொடுத்த வீட்டு மொழிப் படிவத்தில் ‘ஆங்கிலம்’ என்று எழுதியிருந்தேன். தமிழ் என்று எழுதினால் பிள்ளையை வேறு வகுப்பில் தள்ளிவிடுவார்கள், அந்த முத்திரை கடைசி வரை போகாது என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். பயந்து போய்ப் பொய் எழுதினேன். மதிப்பீட்டுக்கு வந்தவரோ படிவத்தை நம்பி ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தார்.

நியூயார்க்குக்குப் புதிதாக வரும் நம் குடும்பங்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "அக்கா, அரசுப் பள்ளியா, சார்ட்டரா, எது நல்லது?" என்பதுதான். என் பிள்ளைகள் இருவரும் இரண்டு வகையிலும் படித்துவிட்டார்கள். இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அதனால்தான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சார்ட்டர் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: நம் ஊர் அரசு உதவி பெறும் பள்ளியை நினைத்துக்கொள்ளுங்கள். பணம் அரசுடையது, நிர்வாகம் தனி. கட்டணம் கிடையாது, மதம் சார்ந்ததாக இருக்கக் கூடாது, நுழைவுத் தேர்வு வைக்கவும் கூடாது. இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல் போட்டுத்தான் எடுக்க வேண்டும். அதிகபட்சம் ஐந்தாண்டுக்கு அனுமதி தருவார்கள். சொன்னபடி நடத்திக் காட்டினால் புதுப்பிப்பார்கள், இல்லாவிட்டால் மூட வேண்டியதுதான். அமெரிக்காவில் முதன்முதலில் இதற்குச் சட்டம் இயற்றியது 1991இல் மின்னசோட்டா மாநிலம். நியூயார்க் மாநிலத்தில் 1998இல் சட்டம் வந்து, மறு ஆண்டு ஹார்லெமில் முதல் பள்ளி திறந்தது. இன்று நகரத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பிள்ளை சார்ட்டரில் படிக்கிறது. மாநிலம் முழுவதற்கும் 460 பள்ளிகள் என்று உச்ச வரம்பு உண்டு. நகரத்துக்கான பங்கு 2019இலேயே தீர்ந்துவிட்டது. 2023இல் பெரிய இழுபறிக்குப் பிறகு 14 பள்ளிகளுக்கு மட்டும் வழி விட்டார்கள்.

நாங்கள் இருப்பது எல்ம்ஹர்ஸ்டில். நகரத்தின் 32 பள்ளி மாவட்டங்களில் 24ஆவது. வகுப்பறைகளில் இடநெருக்கடிக்குப் பேர்போனது. மகள் 2018 செப்டம்பரில் கிண்டர்கார்டன் சேர வேண்டும். வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் எல்லைக்குரிய அரசுப் பள்ளி இருக்கிறது. அங்கே கட்டாயம் இடம் கிடைக்கும் என்று நம்பியிருந்தோம். எல்லைக்குள் வீடு இருந்தால் முன்னுரிமை உண்டு, ஆனால் அதுவே இடத்துக்கு உத்தரவாதமாகிவிடாது என்பது காத்திருப்புப் பட்டியலில் பெயர் வந்த பிறகுதான் புரிந்தது. அவர்கள் தந்த மாற்றுப் பள்ளிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். அந்த ஏப்ரலில் ஒரு சார்ட்டர் பள்ளியின் குலுக்கலில் மகளின் பெயர் விழுந்தது. என் கணவர் மருத்துவமனை ஆய்வகத்தில் இரவுப் பணி முடிந்து வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் அந்த மின்னஞ்சலை மூன்று முறை படித்தார்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். அரசுப் பள்ளிக்கான விண்ணப்பமும் சார்ட்டர் குலுக்கலும் தனித்தனி வரிசைகள். ஒன்றில் நிற்பதால் மற்றதில் இடம் போகாது. அரசுப் பள்ளிக்கான கிண்டர்கார்டன் விண்ணப்பம் குளிர்காலத்திலேயே முடிந்துவிடும். சார்ட்டர்கள் பெரும்பாலும் ஏப்ரல் வரை வாங்கும். இரண்டிலும் நில்லுங்கள். சார்ட்டர் எந்தப் பள்ளி மாவட்டத்தில் இருக்கிறதோ அங்கே குடியிருப்பவர்களுக்கும், ஏற்கெனவே படிக்கும் பிள்ளையின் உடன்பிறப்புக்கும் முன்னுரிமை உண்டு. குலுக்கலில் தவறினாலும் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடாதீர்கள். ஆகஸ்டில், சில நேரம் வகுப்பு தொடங்கிய பிறகுகூட அழைப்பு வரும்.

மகளின் பள்ளி ஓர் அரசுப் பள்ளிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது. கீழே இரண்டு தளங்களில் அரசுப் பள்ளி. இப்படி ஒரே கூரையின் கீழ் இரண்டு பள்ளிகள் இருப்பது இந்த நகரத்தில் சாதாரணம். உணவுக்கூடமும் உடற்பயிற்சிக் கூடமும் பொது; மணி வேறு, வாசல் வேறு, சீருடை வேறு. மேல்மாடியில் சுவர்களுக்குப் புது வண்ணம் பூசியிருப்பார்கள். கீழே பழைய வண்ணம் உரிந்து தொங்கும். ஒரே படிக்கட்டில் ஏறும் பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டே ஏறுவார்கள். எனக்கு அது கடைசி வரை உறுத்திக்கொண்டே இருந்தது.

ஆனாலும் அந்தப் பள்ளி என் மகளுக்குச் செய்ததை மறைக்க மாட்டேன். ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலேயே வகுப்பு தொடங்கியது. காலை 7.45க்குப் போனால் மாலை 4 மணிக்குத்தான் வருவாள். முதல் நாளிலிருந்தே எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பைச் சொல்லிச் சொல்லிப் படிக்க வைத்தார்கள். ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற என் மாமனார் வீடியோ அழைப்பில் அவள் படிப்பதைக் கேட்டுவிட்டு, "அ, ஆ சொல்லிக் கொடுக்கிற மாதிரி அல்லவா சொல்லிக் கொடுக்கிறார்கள்! இதுதான் சரி" என்றார். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குள் சிறு புத்தகங்களைத் தானே படித்தாள். அப்போது நகரத்தின் அரசுப் பள்ளிகள் பலவற்றில் படத்தைப் பார்த்துச் சொல்லை ஊகிக்கும் முறை இருந்தது. அது சரிவரவில்லை என்று நகர நிர்வாகமே ஒப்புக்கொண்டு, 2023இல் ஒலி வழிப் படிப்பை மாவட்டம் மாவட்டமாகக் கொண்டுவரத் தொடங்கியது. இந்த ஒரு விஷயத்தில் மேல்மாடி முன்னால் இருந்தது.

குறை என்று பார்த்தால் ஆசிரியர்கள் நிலைக்கவில்லை. பெரும்பாலான சார்ட்டர்களில் ஆசிரியர் சங்க ஒப்பந்தம் கிடையாது. வேலை நேரமும் அதிகம். மூன்றாம் வகுப்பில் ஒரே ஆண்டில் மகளுக்கு இரண்டு ஆசிரியர்கள் மாறினார்கள். ஒழுங்கு விதிகளும் கடுமை. கையை மேசை மேல் மடித்து வைக்க வேண்டும், பேசுகிறவரையே பார்க்க வேண்டும். என் மகளுக்கு அது பொருந்தியது. அவள் இயல்பே அப்படி. அதனால் அந்த விதிகள் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தும் என்று எண்ணிக்கொண்டேன்.

மகன் 2016 நவம்பரில் பிறந்தவன். நியூயார்க் நகரில் எந்த ஆண்டில் பிள்ளைக்கு ஐந்து வயது நிறைகிறதோ அந்த ஆண்டு செப்டம்பரில் கிண்டர்கார்டன். டிசம்பர் 31இல் பிறந்தாலும் அதே கணக்குதான். எனவே 2021இல் வகுப்பில் நுழைந்தபோது அவனுக்கு இன்னும் ஐந்து முடியவில்லை. வகுப்பிலேயே சிறியவன். பேச்சும் தாமதம். அவனுக்கு மூன்றேகால் வயதாக இருந்தபோது, 2020 மார்ச்சில் நகரத்துப் பள்ளிகள் மூடப்பட்டன. எல்ம்ஹர்ஸ்ட் மருத்துவமனை வாசலில் நீண்ட வரிசை நின்ற நாட்கள் அவை. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்காத இரவு கிடையாது. பிள்ளையின் பேச்சைப் பற்றி மருத்துவரிடம் கேட்கவே எனக்குத் தோன்றவில்லை. ஐந்து வயதுக்கு முன்பே நகரம் இலவசமாக மதிப்பீடு செய்து பயிற்சி தரும் என்பதும் அப்போது தெரியாது. உங்கள் பிள்ளைக்கு மூன்று, நான்கு வயதாகிப் பேச்சில் ஐயம் இருந்தால் கிண்டர்கார்டன் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

அக்கா படிக்கும் பள்ளியிலேயே உடன்பிறப்பு முன்னுரிமையில் இடம் கிடைத்தது. மூன்றே வாரத்தில் தொலைபேசி அடிக்க ஆரம்பித்தது. அவன் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறானாம், வரிசையில் நிற்பதில்லையாம், வந்து அழைத்துப் போகிறீர்களா? நான் ஜாக்சன் ஹைட்ஸில் ஒரு கடைத்தொகுதிக்குக் கணக்கு எழுதுகிறேன். 11 மணிக்கு வேலையை விட்டுவிட்டு ஓடுவேன். நவம்பரில் மட்டும் ஒன்பது நாள் ஓடினேன். ஒருமுறைகூட அவர்கள் எழுத்தில் எதுவும் தரவில்லை. ஒரு நாள் கனிவான குரலில், "உங்கள் மகனுக்கு இந்தப் பள்ளி பொருத்தம்தானா என்று யோசித்துப் பாருங்கள்" என்றார்கள். அவர்கள் குரலில் கோபமே இல்லை. வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவிக்கொண்டே அழுதேன்.

எனக்கு வழி காட்டியவர் மாடி வீட்டு மலையாளச் சேச்சி. அவர் பேரனுக்கும் இதே கதை நடந்திருந்தது. "அழைத்துப் போகச் சொன்னால், பிள்ளையை இடைநீக்கம் செய்கிறீர்களா என்று கேள். ஆமாம் என்றால் எழுத்தில் கொடுக்கச் சொல்" என்றார். மறுநாள் கேட்டேன். அந்த முனையில் சிறிது நேரம் பேச்சில்லை. அதன் பிறகு அந்த அழைப்புகள் வெகுவாகக் குறைந்துவிட்டன.

இரண்டாவதாக அவர் செய்யச் சொன்னது, மதிப்பீடு வேண்டும் என்று ஒரு கடிதம். தேதி போட்டு, படி எடுத்து வைத்துக்கொண்டு கொடுக்க வேண்டும். வாய்ச்சொல்லுக்குக் கடிகாரம் ஓடாது. பெற்றோர் ஒப்புதலில் கையெழுத்திட்டுக் கொடுத்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் மதிப்பீட்டை முடிக்க வேண்டும் என்பது மாநில விதி. பிள்ளை சார்ட்டரில் படித்தாலும் இந்தப் பொறுப்பு நகரக் கல்வித் துறையின் சிறப்புக் கல்விக் குழுவுக்கு உரியது. இதை அறியாமல் சார்ட்டர் பள்ளி பார்த்துக்கொள்ளும் என்று ஓராண்டு காத்திருந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். குழப்பமாக இருந்தால் ‘அட்வகேட்ஸ் ஃபார் சில்ட்ரன் ஆஃப் நியூயார்க்’ என்ற தொண்டு அமைப்பின் உதவி எண்ணை அழையுங்கள். காசு கேட்க மாட்டார்கள்.

அப்படித்தான் அந்த ஜனவரி அறைக்கு வந்து சேர்ந்தோம். சோதனை முடிந்ததும் மதிப்பீட்டாளரிடம் உண்மையைச் சொன்னேன். படிவத்தில் ஆங்கிலம் என்று எழுதியது தவறு, வீட்டில் நாங்கள் தமிழ்தான் பேசுகிறோம், அவன் சொன்ன பல பெயர்கள் தமிழில் சரியானவை. அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. பேனாவை மூடிவைத்துவிட்டு, "இது முதலிலேயே தெரிந்திருந்தால் வேறு மாதிரி செய்திருப்பேன்" என்றார். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் சோதித்தார்கள். கல்வித் துறையின் படிவங்கள் வங்காளம், உருது உள்ளிட்ட சில மொழிகளில் கிடைக்கும். அந்தப் பட்டியலில் தமிழ் இல்லை. ஆனால் தொலைபேசி வழி மொழிபெயர்ப்பாளர் தமிழுக்கும் உண்டு, நாம் கேட்க வேண்டும். ஒலிபெருக்கியில் ஈழத்துத் தமிழ் பேசும் ஒரு பெரியவரின் குரல் வந்தது. "தம்பி, இது என்னது, சொல்லுங்கோ பார்ப்பம்" என்றார். மகன் போனைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "குடை" என்றான். "ஓம், குடை. சரியாச் சொன்னீங்கள்" என்றது குரல்.

முடிவு தெளிவாக வந்தது. இரண்டு மொழியிலும் உச்சரிப்பும் வாக்கிய அமைப்பும் பின்தங்கியிருந்தன. சொல்வளம் வயதுக்கு ஏற்றபடி இருந்தது. வீட்டில் தமிழ் பேசியதால் தாமதம் வந்ததா என்று மதிப்பீட்டாளரிடம் கேட்டேன். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுக் குறை வருவதில்லை, தமிழை நிறுத்தாதீர்கள் என்று உறுதியாகச் சொன்னார். அதற்கு முன் ஆறு மாதமாக வீட்டில் அரைகுறை ஆங்கிலத்தில் அவனிடம் பேசிக்கொண்டிருந்தேன். அந்த ஆறு மாதத்தை நினைத்தால் இப்போதும் மனம் கசக்கிறது.

வீட்டு மொழிப் படிவத்தைப் பற்றி அழுத்திச் சொல்கிறேன். உண்மையை எழுதுங்கள். ஆங்கிலம் எவ்வளவு தெரிகிறது என்று பிள்ளையைச் சோதிப்பார்கள். தேவைப்பட்டால் கூடுதல் ஆங்கிலப் பாடம் தருவார்கள். ஆண்டுதோறும் தேர்வு வைத்து, தேறியதும் அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். என் மகள் படிவத்தில் தமிழ் என்றுதான் எழுதினேன். அவள் முதல் சோதனையிலேயே தேறிவிட்டாள். அவளுக்கு வராத பயம் இவனுக்கு வந்ததே, அதுதான் நான் செய்த பிழை.

2022 மார்ச்சில் அவனுக்கான தனிநபர் கல்வித் திட்டம் எழுதப்பட்டது. வாரம் மூன்று முறை பேச்சுப் பயிற்சி, இரண்டு ஆசிரியர்கள் சேர்ந்து நடத்தும் வகுப்பு. அந்த இரண்டு ஆசிரியர் வகுப்பு சார்ட்டரில் அவன் நிலையில் இல்லை. இரண்டு தெரு தள்ளியிருந்த எங்கள் எல்லைப் பள்ளியில் இருந்தது. 2018இல் இடமில்லை என்று சொன்ன அதே பள்ளி. பெருந்தொற்றுக்குப் பிறகு நகரப் பள்ளிகளில் மாணவர் தொகை குறைந்திருந்ததால் செப்டம்பரில் எளிதாக இடம் கிடைத்தது.

முதல் நாள் மகன் வழக்கம்போல மேசைக்கு அடியில் போய்விட்டான். அந்த வகுப்பின் இரண்டாவது ஆசிரியை, ஐம்பது வயதைத் தாண்டியவர், முட்டி வலியோடு தரையில் உட்கார்ந்து, பென்சில் டப்பாவை மேசைக்கு அடியில் தள்ளி, அங்கேயே பாடத்தைத் தொடங்கினாராம். மாலையில் என்னிடம் சொன்னபோது புகார் தொனியே இல்லை. "நாளைக்கு நாற்காலிக்குக் கொஞ்சம் பக்கத்தில் வருவான்" என்றார். நாற்காலியில் உட்கார அவனுக்கு அக்டோபர் நடுப்பகுதி ஆயிற்று. அதுவரை ஒரு நாளும் எனக்குத் தொலைபேசி வரவில்லை.

அந்தப் பள்ளியில் எல்லாமே நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். வகுப்பில் 27 பிள்ளைகள். கணக்குப் பாடம் சார்ட்டரோடு ஒப்பிட்டால் ஆறு மாதம் பின்னால். பேச்சுப் பயிற்சியாளர் நீண்ட விடுப்பில் போனபோது ஆறு வாரம் யாரும் வரவில்லை. அப்போதும் கடிதம் எழுதினேன், விட்டுப்போன வகுப்புகளைக் கேட்டு வாங்கினேன். வகுப்பு அளவைக் குறைக்க 2022இல் மாநிலம் சட்டம் போட்டிருக்கிறது. மூன்றாம் வகுப்பு வரை 20 பிள்ளைகள், எட்டாம் வகுப்பு வரை 23, அதற்கு மேல் 25. படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது. சார்ட்டர்களை அது கட்டுப்படுத்தாது. மகன் இப்போது நான்காம் வகுப்பு. ‘ர’ இன்னும் சரியாக வரவில்லை. மற்றபடி வாய் ஓய்வதில்லை.

மகள் ஐந்தாம் வகுப்பு முடியும் வரை சார்ட்டரிலேயே இருந்தாள். மகனுக்கு நேர்ந்ததற்காக அவளையும் பிடுங்கி எடுப்பது நியாயமில்லை என்று என் கணவர் சொன்னது சரிதான். நடுநிலைப் பள்ளிக்கு அவளே அரசுப் பள்ளியைத் தேர்ந்தெடுத்தாள். அங்கே இசைக்குழு இருந்தது, அவளுக்கு வயலின் வேண்டும்.

இப்போது யாராவது பள்ளி பார்க்கப் போகிறேன் என்றால், சுற்றிக் காட்டுபவர் சொல்வதை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள் என்கிறேன். பள்ளி விடும் நேரத்தில் வாசலில் அரை மணி நேரம் நில்லுங்கள். பிள்ளைகள் எப்படி வெளியே வருகிறார்கள், ஆசிரியர்கள் அவர்களைப் பெயர் சொல்லி அனுப்புகிறார்களா, அழுதுகொண்டு வரும் பிள்ளையிடம் யார் குனிந்து பேசுகிறார் என்று பாருங்கள். உள்ளே போனால், கிண்டர்கார்டனில் எத்தனை பேர், ஐந்தாம் வகுப்பில் எத்தனை பேர் என்று கேளுங்கள். பல சார்ட்டர்கள் மேல்வகுப்புகளில் காலியிடத்தைப் புதியவர்களைக் கொண்டு நிரப்புவதில்லை. கீழே 90 பேர் இருந்து மேலே 55 பேர் இருந்தால், மற்ற 35 பேர் எங்கே போனார்கள் என்று கேட்கத் தயங்காதீர்கள். தேர்ச்சி விகிதத்தைச் சுவரில் பெரிதாக ஒட்டியிருப்பார்கள். அது மேலே எஞ்சியிருக்கும் பிள்ளைகளின் கணக்கு. பேச்சுப் பயிற்சியாளர் எத்தனை நாள் வருகிறார், இரண்டு ஆசிரியர் வகுப்பு எல்லா நிலையிலும் உண்டா என்பதை உங்கள் பிள்ளைக்குத் தேவையில்லை என்றாலும் கேளுங்கள். என் மகளைச் சேர்த்தபோது நான் கேட்கவில்லை.

அரசுப் பள்ளியில் பெற்றோர் ஒருங்கிணைப்பாளர் என்று ஒருவர் இருப்பார். பள்ளி நிர்வாகக் குழுவில் பெற்றோரும் ஊழியர்களும் சம எண்ணிக்கையில் அமர வேண்டும். சார்ட்டரில் அறங்காவலர் குழுதான் முடிவெடுக்கும், ஆனால் அதன் கூட்டங்கள் சட்டப்படி பொதுமக்களுக்குத் திறந்தவை. நான் ஒரே ஒரு முறை போனேன். வந்திருந்த ஒரே பெற்றோர் நான்தான்.

வரும் செப்டம்பரில் மகளுக்கு எட்டாம் வகுப்பு. உயர்நிலைப் பள்ளிக்கு 12 பெயர்களை வரிசைப்படுத்தித் தர வேண்டும். ஸ்டைவசன்ட், பிராங்க்ஸ் சயின்ஸ் உள்ளிட்ட எட்டுப் பள்ளிகளுக்குத் தனி நுழைவுத் தேர்வு. மற்றவற்றுக்கு இந்தப் பட்டியல்தான். "முதல் இடத்தில் கடினமான பள்ளியைப் போட்டால் வாய்ப்பு வீணாகும்" என்று நம்மவர்கள் நடுவில் ஒரு பேச்சு உண்டு. அது தவறு. 2003இல் ஆல்வின் ராத் முதலிய பொருளியல் அறிஞர்கள் இந்த ஒதுக்கீட்டு முறையை மாற்றி அமைத்தார்கள். அவருக்கு 2012இல் நோபல் பரிசும் கிடைத்தது. பிள்ளை எதை உண்மையாக விரும்புகிறதோ அதே வரிசையில் எழுதினால் இழப்பு வராதபடி அமைத்த முறை அது. 12 இடங்களையும் நிரப்புங்கள், மனதில் உள்ள வரிசையை எழுதுங்கள்.

மகள் தன் பட்டியலை இப்போதே எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டாள். அடித்து எழுதியதில் ஏழாவது பள்ளி முதலிடத்துக்கு வந்திருக்கிறது. ஏன் என்று கேட்டதற்கு, "இன்னும் பார்க்கவில்லை அம்மா, பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றாள். வியாழக்கிழமை அரை நாள் விடுப்புச் சொல்லியிருக்கிறேன். 2.20க்கு அங்கே மணி அடிக்குமாம். இரண்டு மணிக்கே வாசலுக்கு எதிரே போய் நின்றுவிடுவது என்று இருவரும் பேசி வைத்திருக்கிறோம்.